வாத்து ஊர், பாலத்து ஊர், மேட்டு ஊர்

"சாரிப்பா, தப்பா எடுத்துக்காதீங்க."

யாரைப் பார்த்தாலும் மேல் வீட்டு ஆன்ட்டி முதலில் சொல்வது இதுதான். சாப்பாடு ஆச்சா, என்ன இந்த வெயில், உங்க அப்பாவுக்கு முழங்கால் தேவலையா எல்லாம் அதற்குப் பிறகுதான். தண்ணீர் கேன் போடுகிறவரிடம் சொல்வார். லிஃப்டில் கூட ஏறுகிறவரிடம் சொல்வார். கதவைத் திறக்க உள்ளிருந்து யாரோ நடந்து வரும் சத்தம் கேட்டதுமே ஆரம்பித்துவிடுவதால், கதவு திறக்கும்போது "...டுக்காதீங்க" என்பது மட்டும்தான் நம் காதில் விழும். நான் பத்தாம் வகுப்புப் படிக்கும்போது அந்தக் குடியிருப்புக்கு வந்தோம். முதல் ஒரு மாதம், இந்த ஆன்ட்டி எங்கள் வீட்டில் எதையோ உடைத்திருக்கிறார், அம்மா என்னிடம் சொல்லாமல் மறைக்கிறாள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடையாறு பஸ் டிப்போவிலிருந்து உள்ளே திரும்பினால் வரும் பழைய நாலு மாடிக் குடியிருப்பு. எங்களுக்கு நேர் மேல் வீட்டில் அவரும் அவர் மகன் பாபு அண்ணாவும். அங்கிள் இங்கிலாந்தில் டாக்டராக இருந்து அங்கேயே இறந்துபோனவர். பாபு அண்ணா அப்போதே முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். ஆறடி உயரம், குழந்தை முகம். ஆட்டிசம் என்ற சொல் ஆன்ட்டி வாயில் வராது. "அவன் கொஞ்சம் அவன் பாட்டுக்கு இருப்பான்" என்பார்.

பாபு அண்ணா தன் பாட்டுக்கு இருக்கிற ஆளாக இருந்திருந்தால் ஒரு சிக்கலும் இருந்திருக்காது. சாயங்காலம் ஆறு மணிக்குக் குளித்து, கழுத்தில் பவுடர் போட்டு, இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டையோடு தரைத்தளத்திலிருந்து தொடங்குவார். ஒவ்வொரு வீட்டு காலிங் பெல்லாக அடிப்பார். கதவு திறந்ததும் ஒரே கேள்வி.

"இன்னிக்கு உங்க வீட்ல என்ன குழம்பு?"

வத்தக்குழம்பு என்றால் "சூப்பர்." சாம்பார் என்றால் "சூப்பர்." குழம்பே வைக்கவில்லை, ஹோட்டலில் வாங்கிவிட்டோம் என்றால் கொஞ்சம் யோசித்து, "சூப்பர்." அவ்வளவுதான். உள்ளே வர மாட்டார். கொஞ்சம் கொடு என்று கேட்க மாட்டார். அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். அவருக்கு ஒரு படி பின்னால் ஆன்ட்டி, புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு, தப்பா எடுத்துக்காதீங்க, தப்பா எடுத்துக்காதீங்க என்றபடி.

அந்த வயதில் எனக்கு எல்லாவற்றைப் பற்றியும் ஒரு கருத்து இருந்தது. ஒருநாள் மாடிப்படியில் அவரை வழிமறித்து, "எதுக்கு ஆன்ட்டி எப்பப் பாத்தாலும் சாரி? அவர் என்ன தப்பு பண்ணார்?" என்று கேட்டேன்.

"சாரிம்மா," என்றார், "இனிமே சொல்லல."

ஒரு தடவை தி.நகரிலிருந்து அவர்களோடு ஆட்டோவில் வந்தேன். சைதாப்பேட்டை சிக்னலில் வண்டி நின்றது. பாபு அண்ணா முன்னால் குனிந்து டிரைவரின் தோளைத் தட்டினார். "இன்னிக்கு உங்க வீட்ல என்ன குழம்பு?"

ஆன்ட்டி, "சாரிப்பா, தப்பா..." என்று தொடங்கினார்.

டிரைவர் திரும்பிப் பார்த்தார். "கருவாட்டுக் கொழம்பு நைனா. வர்றியா ஊட்டுக்கு?"

"சூப்பர்."

"சாரிப்பா, அவன் எல்லார்கிட்டயும்..."

"இன்னாத்துக்குமா சாரி? கொழம்பு இன்னான்னு கேக்குது, அவ்ளோதானே. எங்கூட்ல எம்புள்ள அது கூட கேக்காது. தட்டுல போட்டதும் மூஞ்சிய சுளிக்கும்."

ஆன்ட்டி சிரித்தார். இறங்கும்போது மறுபடி ஒரு சாரி சொன்னார். அந்த மனிதர், போதும்மா தாயே என்பது போலக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

சாரி சொல்லாமல் ஆன்ட்டி இருந்த இடம் எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்று. மயிலாப்பூர் மாடவீதிப் பக்கம் ஒரு மெஸ். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாபு அண்ணாவை அங்கே கூட்டிப் போவார். ஒருமுறை நானும் போனேன். உட்கார்ந்ததும் பாபு அண்ணா தன் கேள்வியைக் கேட்டார். பரிமாறுகிறவர் நின்ற இடத்திலேயே, "சாம்பார், வத்தக்குழம்பு, மோர்க்குழம்பு, இன்னிக்கு ஸ்பெஷல் எண்ணெய்க் கத்திரிக்கா, எது வேணும் சார்?" என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்தார். அந்த மேசைக்காரரும், "இன்னிக்கு என்ன குழம்பு?" என்றார். அதற்கடுத்த மேசையிலும் அதே கேள்வி. பாபு அண்ணா ஒவ்வொரு தடவையும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்த உலகத்தில் தன் சாதி மக்கள் இவ்வளவு பேர் இருக்கிறார்களா என்ற மாதிரி ஒரு முகம். ஆன்ட்டிக்குத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. யாரிடமும் எதுவும் சொல்லத் தேவையில்லாமல், இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தார். மறுபடியும் தெளித்துத் துடைத்தார்.

*

நான் கட்டடக்கலை படித்து முடித்து, ஓர் அலுவலகத்தில் நாள் முழுக்கக் கழிவறைகளுக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருந்த வருடம். எப்படியாவது மேற்படிப்புக்கு இங்கிலாந்து போய்விட வேண்டும் என்று வெறி. கையில் காசு இல்லாததால் லேப்டாப்பில் போய்க்கொண்டிருந்தேன். வரைபடத்தில் ஏதாவது ஒரு கிராமத்தைத் தொட்டு, தெருப்படங்கள் வழியாக அடி அடியாக நடப்பேன். வைக்கோல் வேய்ந்த கூரைகள், தேன் நிறக் கல் சுவர்கள், வாசலில் ரோஜாக் கொடி. அந்த ஊர்களில் எந்தத் திருப்பத்துக்குப் பின்னால் தேவாலயம், எங்கே சிவப்புத் தபால்பெட்டி என்று தெருத்தெருவாகத் தெரியும் எனக்கு. நங்கநல்லூரில் என் சித்தி வீட்டுக்கு வழி கேட்டால் திணறுவேன்.

ஆன்ட்டிக்கு அந்த வருடம்தான் இருதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். இங்கிலாந்தில் வேலையிலிருக்கும் அவர் மகள், பாபு அண்ணாவின் அக்கா, வந்து பார்த்துவிட்டுப் போனார். போகிறபோது அந்த அக்கா எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அழுதார். "அம்மாவுக்கு ஒண்ணு ஆச்சுன்னா மறுநாள் காலையில பாபுவுக்குக் காபி போட்டுக் கொடுக்க இங்க யாரு இருக்கா, சொல்லுங்க ஆன்ட்டி" என்று என் அம்மாவைக் கேட்டார். பாபு அண்ணா பிறந்தது இங்கிலாந்தில்தான். அவருக்கும் ஆன்ட்டிக்கும் அந்த நாட்டுப் பாஸ்போர்ட் இருந்தது. போவதில் தடை ஒன்றுமில்லை. அக்காவும் கணவரும் நகரத்தை விட்டு ஒரு கிராமத்துக்குக் குடிபோக எண்ணியிருந்தார்கள். அக்காவின் வேலையிடத்துக்குக் காரில் போய்வரக்கூடிய தூரத்தில் மூன்று கிராமங்கள், ஒவ்வொன்றிலும் விலைக்கு ஒரு வீடு. "நீதான்மா செலக்ட் பண்ணணும். நாங்க காலையில போயிட்டா நாள் முழுக்க அங்க இருக்கப் போறது நீங்க ரெண்டு பேரும்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஆன்ட்டி கீழே வந்தார். "சாரிம்மா, தப்பா எடுத்துக்காதே. உனக்கு அந்த ஊரெல்லாம் நல்லாத் தெரியுமாமே?"

எனக்குக் கல்யாணச் சத்திரத்தில் மைக்கைக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்து, அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, தினம் ஒரு ஊராக நடத்திக் கூட்டிப்போனேன். வாயில் நுழையாத அந்த ஊர்ப் பெயர்களை ஆன்ட்டி ஒதுக்கிவிட்டு அவரே பெயர் வைத்தார். குளத்தில் வாத்து நீந்துவது வாத்து ஊர். வளைந்த கல் பாலம் இருப்பது பாலத்து ஊர். குன்றின் மேல் ஏறிப்போவது மேட்டு ஊர்.

"இது பாருங்க ஆன்ட்டி, கூரை! நூறு நூறு வருஷமா அப்படியே மாத்தி மாத்தி வேய்றாங்க."

"கூரை வீடா? நெருப்புப் பிடிக்காதாம்மா?"

அப்பா பேப்பருக்குப் பின்னாலிருந்து, "நம்ம ஆத்தோரம் இருந்தா அது குடிசை, இடிச்சுத் தள்ளிடுவான். அங்க இருந்தா கோடி ரூபாயா?" என்றார்.

மூன்றில் மேட்டு ஊர்தான் அழகு என்று முதல் நாளே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். குறுகிய வண்டிப் பாதையின் முடிவில் ஒரே ஒரு வீடு, சுற்றி ஆளுயரப் புதர்வேலி, அதற்கப்பால் ஆடுகள், அதற்கும் அப்பால் வானம். அந்தப் படத்தை லேப்டாப்பின் முகப்பில் வைத்திருந்தேன். ஆனால் ஆன்ட்டி வானத்தையும் பார்க்கவில்லை, கூரையையும் பார்க்கவில்லை. வாத்து ஊரில் குளத்தைச் சுற்றிச் சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகள். படத்தை நிறுத்தச் சொன்னார்.

"கதவெல்லாம் நேரா ரோட்டுக்கே வருதேம்மா. நடுவுல கேட்டு கூட இல்ல."

"அதான் ஆன்ட்டி அழகே."

"எல்லாக் கதவுலயும் பெல்லு இருக்கா பாரு."

பெரிதாக்கிப் பார்த்தேன். சிலவற்றில் மணி, சிலவற்றில் பித்தளை வளையம். ஆன்ட்டி ஒவ்வொரு கதவாகப் பார்த்துக்கொண்டே வந்தார். அவர் உதடு அசைவதைக் கவனித்தேன். அங்கே, அந்தத் தெருவில், அந்தக் கதவுகளுக்கு முன்னால், அவர் இப்போதே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

பிறகு ஒருநாள் தானாகவே சொன்னார். "இவங்கப்பா இருந்தப்போ அங்க நாங்க இருந்ததும் வரிசை வீடுதான்மா. பாபு குழந்தை. ராத்திரியில கத்துவான். பக்கத்து வீட்டுக்காரர் சுவத்துல தட்டுவார். ஒரு தட்டு, ரெண்டு தட்டு. காலையில பாத்தா குட் மார்னிங் சொல்லுவார், சிரிப்பார். அதான் தாங்க முடியல. இவங்கப்பா போனதும் நம்ம ஊருக்கே போயிடலாம், நம்ம ஊர்னா யாரும் சுவத்துல தட்ட மாட்டாங்கன்னு வந்தேன்."

"தட்டலையே ஆன்ட்டி" என்றேன், பெருமையாக.

"இல்லம்மா," என்றார். "தட்டல."

*

வாத்து ஊரில் அந்த வீட்டுக்கு அடுத்த வீட்டுப் பெண்மணியோடு அக்கா ஒரு வீடியோ அழைப்புக்கு ஏற்பாடு செய்தார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. வெள்ளை முடி, பின்னால் அலமாரி நிறையப் பீங்கான் கோப்பைகள், மடியில் ஒரு பூனை. ஆன்ட்டி கஞ்சி போட்ட காட்டன் புடவையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். திரை வந்ததும், "சாரி டு டிஸ்டர்ப் யூ" என்றார். அந்த அம்மாள், "ஓ நோ, சாரி, என் கேமராதான் மங்கலாக இருக்கிறது" என்றார். ஆன்ட்டி அதற்கு ஒரு சாரி சொன்னார். ஆன்ட்டியைச் சாரி சொல்லவைத்ததற்கு அந்த அம்மாள் ஒரு சாரி சொன்னார். அந்த நாட்டிலும் இதே பழக்கம் என்று எனக்கு எந்தத் தெருப்படமும் காட்டவில்லை. திரையின் இன்னொரு கட்டத்தில் அக்கா நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"என் மகன் உங்கள் மணியை அடிப்பான். தினமும் அடிப்பான். முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்" என்றார் ஆன்ட்டி ஆங்கிலத்தில்.

அப்போது மணி ஆறு. பவுடர் மணக்க வந்த பாபு அண்ணா என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். திரையில் ஒரு முகம். கதவு திறந்திருக்கிறது என்று அவர் எடுத்துக்கொண்டார் போல.

"இன்னிக்கு உங்க வீட்ல என்ன குழம்பு?"

குழம்பை நான் எப்படி மொழிபெயர்ப்பது? உங்கள் வீட்டில் இன்று என்ன சமையல் என்று கேட்கிறார் என்றேன். அந்த அம்மாள் தீவிரமாக யோசித்து, "உருளைக்கிழங்கு சூப்" என்றார்.

"சூப்பர்" என்று சொல்லிவிட்டு பாபு அண்ணா திரும்பினார்.

"உங்கள் வீட்டில் என்ன?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

பாபு அண்ணா நின்றுவிட்டார். இத்தனை வருடத்தில், எங்கள் குடியிருப்பில் இத்தனை கதவுகளில், யாரும் அவரைத் திருப்பிக் கேட்டதில்லை. நான் உட்பட. அது அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. மேசைக்கு அடியில் என் கால் விரல்கள் மடங்கிக்கொண்டன. அவர் மெதுவாக ஆன்ட்டி பக்கம் திரும்பினார்.

"நம்ம வீட்ல இன்னிக்கு என்ன குழம்பு?"

ஆன்ட்டி வாயைத் திறந்தார். முதலில் "சாரி" என்றுதான் வந்தது. பிறகு, "மோர்க்குழம்புடா" என்றார்.

"மோர்க்குழம்பு" என்று பாபு அண்ணா திரையிடம் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். தன் முறை என்ன என்று அந்த அம்மாளுக்குத் தெரியவில்லை. "அருமை" என்ற மாதிரி ஏதோ சொன்னார். பாபு அண்ணா அதை ஏற்கவில்லை. இன்னும் கொஞ்சம் காத்திருந்துவிட்டு, தானே "சூப்பர்" என்று சொல்லி முடித்துவைத்தார்.

நான் குதித்தேன். "வாத்து ஊர்தான் ஆன்ட்டி! வேற பேச்சே இல்ல!"

மறுநாள் அவர் தேர்ந்தெடுத்தது மேட்டு ஊரை.

மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க ஏறிப் போய், ஏன் ஆன்ட்டி என்று சண்டைக்கு நின்றேன்.

"நீதானேம்மா சொன்னே, மூணுல அதுதான் அழகுன்னு."

"அது வேற. அங்க பக்கத்துல ஒரு வீடு கூட இல்லையே ஆன்ட்டி."

"அதுக்குத்தான்."

காய்ந்த சட்டையை மடித்துக் கையில் போட்டுக்கொண்டார். "அந்தம்மா நல்லவங்கதான். ஒரு நாள் கேட்டா நல்லாத்தான் இருக்கும். தினம் ஆறு மணிக்கு அடிச்சா? ஒரு வருஷம் அடிச்சா? இங்கயும் முதல்ல எல்லாரும் உடனே திறந்தாங்கம்மா." கொஞ்ச நேரம் வேறு துணி எதையோ தேடினார். "பெல் அடிச்சா உள்ள சத்தம் வரும்ல. அது வெளிய நிக்கிறவங்களுக்கும் கேக்கும். கேக்கலைன்னா தெரிஞ்சுபோயிடும்."

எங்கள் குடியிருப்பில் எல்லா வீட்டிலும் காலிங் பெல்லுக்கென்று தனியாக ஒரு சுவிட்ச் உண்டு. கதவுக்குப் பின்னால், கண்ணில் படாத உயரத்தில். மதியத் தூக்கத்தில் கூரியர்காரர் அடித்து எழுப்பாமல் இருக்கக் கட்டும்போதே வைத்தது. எங்கள் வீட்டில் அது மதியம் போட்டபடி இருக்கும். சாயங்காலம் காபி குடித்த டம்ளரைக் கழுவப் போட எழுந்திருக்கும்போது அப்பா அதை அணைப்பார். எட்டு மணிக்கு மேல் போடுவார். திரைச்சீலையை இழுத்துவிடுவது, கொசுவத்தி ஏற்றுவது போல அதுவும் ஒரு வேலை. என்ன, ஏன் என்று எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை. பல வீடுகளில் இப்படித்தான் என்று எல்லோருக்கும் தெரியும். பாபு அண்ணா வந்து அழுத்துவார், சத்தம் வராது, போய்விடுவார், யாருக்கும் மனக்கசப்பு இல்லை. இப்படித்தான் நினைத்திருந்தோம்.

"அப்ப அவர்கிட்ட என்ன சொல்லுவீங்க?" என்று கேட்டேன்.

"வெளிய போயிருக்காங்கடான்னு சொல்லுவேன்."

எங்கள் டி.வி. வாசல் வரை கேட்கும். அம்மாவின் குக்கர் விசில் நாலாவது மாடி வரை கேட்கும். அந்தச் சத்தத்துக்கு நடுவில் நின்று, எங்கள் கதவுக்கு முன்னால், ஒரு நாள் விடாமல் அவர் எங்களுக்காகப் பொய் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, துணியோடு என் கையைப் பிடித்துக்கொண்டார். "சாரிம்மா. நான் உங்க வீட்டைச் சொல்லல."

தரை திறந்தால் இறங்கிவிடலாம் போலிருந்தது.

"எனக்கப்புறம் அவனைப் பாத்து யாரும் முகம் சுளிக்கக் கூடாது. அவங்கக்கா பாத்துப்பா. ஆனா அவளும் என்னை மாதிரி வீடு வீடா நின்னுக்கிட்டு இருக்கக் கூடாது. மேட்டு ஊர்ல யாரும் யாருக்காகவும் எதையும் ஆஃப் பண்ண வேணாம்."

"பாபு அண்ணாவுக்கு?"

"பழகிடுவான்" என்றார். சொல்லிவிட்டு வெகுநேரம் பக்கெட்டில் இருந்த கிளிப்புகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் அப்பா டம்ளரோடு எழுந்தபோது சுவிட்சுக்கு முன்னால் நின்றுகொண்டேன்.

"நகரு."

"ஆன்ட்டிக்குத் தெரியும்ப்பா."

"என்ன தெரியும்?"

"இது."

அப்பா டி.வி. சத்தத்தைக் குறைத்தார். "அவங்க என்ன சொன்னாங்க?"

"சாரின்னாங்க."

அப்பா டம்ளரைக் கழுவப் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

*

அவர்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் குடியிருப்பு முழுக்க எல்லா மணியும் அடித்தது. தரைத்தளத்திலிருந்து ஒவ்வொன்றாக மேலே ஏறி வருவது எங்களுக்குக் கேட்டது. ஒரு வீட்டில் குருவி கத்தும், ஒரு வீட்டில் சாமி மந்திரம், ஒரு வீட்டில் வெறும் டிங் டாங். நாங்களே மறந்திருந்த சத்தங்கள். எல்லோரும் கதவருகிலேயே காத்திருந்தார்கள் போலும், உடனுக்குடன் திறந்தார்கள். அப்பா பனியனுக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டு கூடத்தில் உலாத்திக்கொண்டிருந்தார்.

எங்கள் மணி அடித்தது. அப்பா திறந்தார்.

"இன்னிக்கு உங்க வீட்ல என்ன குழம்பு?"

மதியம் அந்தக் குழம்பை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டவர், "ஏய், இன்னிக்கு என்ன குழம்பு?" என்று உள்ளே பார்த்துக் கூவினார். பூண்டுக் குழம்பு என்று அம்மா அடுக்களையிலிருந்து சொன்னாள். "பூண்டுக் குழம்பு பாபு" என்றார் அப்பா, நல்ல சத்தமாக, வீடு முழுக்கக் கேட்கும்படி.

"சூப்பர்."

எனக்குத் திருப்பிக் கேட்க வேண்டும். மூன்று நாளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். உங்க வீட்ல என்ன பாபு அண்ணா? ஆனால் அன்றைக்குப் பார்த்து அவர்கள் வீட்டில் அடுப்பே இல்லை. காலையில்தான் அதைத் துடைத்து, வீட்டு வேலைக்கு வருகிறவரிடம் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். மதியம் பொட்டலச் சாப்பாடு. வாயை மூடிக்கொண்டேன்.

ஆன்ட்டி வழக்கமானதைச் சொல்வார் என்று அப்பா தலையைக் குனிந்து காத்திருந்தார். ஆன்ட்டி மணியை நிமிர்ந்து பார்த்தார்.

"பெல் சரியாயிடுச்சா சார்?"

குத்தல் ஒரு துளி கூட இல்லை. அதுதான் கொடுமை. ஊருக்குப் போகிற நேரத்தில் எங்களுக்கு ஒரு நல்ல காரணத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார்.

"ஆ... ஆமாம்மா," என்றார் அப்பா. "இன்னிக்குத்தான் ஆள் வந்து பாத்தான்."

"சந்தோஷம் சார். தப்பா எடுத்துக்காதீங்க, நேரமாச்சு."

அப்பா கதவை மூடவில்லை. அவர்கள் மேலே ஏறிப் போய், அடுத்த வீட்டு மணி அடிக்கிற வரைக்கும் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

*

நான் இன்னும் இங்கேதான் இருக்கிறேன். கழிவறையிலிருந்து படுக்கையறைக்கு உயர்ந்திருக்கிறேன். லேப்டாப் முகப்பில் இப்போது வேறு படம்.

அவர்கள் போய் நாலைந்து மாதம் கழித்து ஆன்ட்டியிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. "எப்படிம்மா இருக்கே? இங்க ரொம்ப அழகா இருக்கு, நீ சொன்ன மாதிரியே. ஆடெல்லாம் வேலிகிட்ட வந்து நின்னு நம்மளையே பாக்குது. குளிருதான். யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்ல. அப்பாவுக்கு முழங்கால் தேவலையா?"

எதையோ தவறவிட்ட மாதிரி இருந்தது. முதலிலிருந்து மறுபடி கேட்டேன். அதில் ஒரு சாரி கூட இல்லை. பத்து வருடம் சொல்லாதீங்க ஆன்ட்டி என்று நான் மல்லுக்கு நின்ற சொல். அந்த ஊரில் அதைக் கேட்டுக்கொள்ள ஆள் இல்லை.

பேசி முடித்த பிறகும் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. அணைக்கத் தெரியாமல் போனை எங்கோ வைத்துவிட்டார் போல. கடிகாரச் சத்தம். பாத்திரம் ஒன்று நகர்கிறது. பிறகு ஒரு காலிங் பெல்.

செருப்பை இழுத்து நடக்கும் சத்தம், தாழ்ப்பாள், கதவு.

"இன்னிக்கு உங்க வீட்ல என்ன குழம்பு?"

"கீழ் வீட்ல சாம்பார்டா" என்கிறது ஆன்ட்டியின் குரல்.

"சூப்பர்."

கதவு மூடுகிறது. கொஞ்ச நேரம் கழித்து அதே மணி. மறுபடி செருப்பு, தாழ்ப்பாள், கதவு. வத்தக்குழம்பு. சூப்பர். மூடுகிறது. மறுபடியும் மணி. நடை இப்போது கொஞ்சம் மெதுவாக வருகிறது. மாடி ஏறி வருகிறவர் போல மூச்சு வாங்குகிறது.

"இன்னிக்கு உங்க வீட்ல என்ன குழம்பு?"

"பூண்டுக் குழம்பு பாபு" என்கிறார் ஆன்ட்டி, நல்ல சத்தமாக, என் அப்பாவைப் போலவே.